காது போதும் என்ற வின்சென்ட்

வின்சென்ட் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். வாயால் பிழைக்கப் போகிற பிள்ளை என்று சொந்தக்காரர்கள் அப்போதே சொன்னார்கள், அப்படியே ஆயிற்று. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில், அரசியல் படிக்கும் மாணவர்களுக்குப் பேட்டி எடுத்து ஆய்வு செய்வது எப்படி என்று பாடம் நடத்துகிறார். "ஆய்வாளனுக்கு வாய் எதுக்கு? காது போதும்!" என்று மூச்சுவிடாமல் முழங்குவார். யாராவது கை தூக்கினால், கேள்வியையும் தானே சொல்லிப் பதிலையும் தானே சொல்லிவிடுவார்.

இத்தனை வருடமும் ஒப்பந்த வேலைதான். நிரந்தரம் வேண்டுமென்றால் ஓர் ஆய்வைக் காட்டச் சொன்னது கல்லூரி. மனுஷன் அசரவில்லை. தான் குடியிருக்கும் ஆயர் ஈத்தாமுக்கே மாணவர்களை அனுப்பி, வாக்காளர்களைப் பேட்டி எடுத்து வரச் சொன்னார். பேசியவர் பெயரும் தொழிலும் எழுத்தில் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

"நீங்க வரலையா சார்?" என்று மாணவன் டேரில் கேட்டான்.

"வெயில் லா தம்பி."

பேட்டிகள் வந்தன. ஒலிப்பதிவை யார் உட்கார்ந்து கேட்பது? மாணவர்கள் எழுதித் தந்ததை மட்டும் படித்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் ஒரே கருத்து! "எவன் ஜெயிச்சாலும் மேசை துடைக்கிறது நான்தானே" என்ற வாக்கியம்கூட மாறவில்லை. மேசை என்பது நாட்டைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். இனி யாரைக் கேட்டாலும் புதிதாக ஒன்றும் வராது, இதுதான் ஆயர் ஈத்தாமின் மனம் என்று முடிவும் கட்டினார்.

நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழுவின் முன் பதிவுகளை ஓடவிட்டபோது, துறைத்தலைவி ரோஹானா நிறுத்தச் சொன்னார். "சார், எல்லாத்துலயும் ஒரே ஆளு பேசுறாரு."

டேரிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மழை சார். எல்லாரும் ஒரு சாப்பாட்டுக் கடையில ஒதுங்கினோம். கடைக்காரர் நல்லா பேசினாரு. ஆளுக்கொரு தடவை அவரையே பேட்டி எடுத்துட்டோம்."

வின்சென்ட் கொதித்தார். "யாரு அந்த ஆளு? என் பிழைப்பையே கெடுத்துட்டானே!"

"நம்ம இஸ்மாயில் அண்ணே குரல் தெரியலையா?" ரோஹானாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தினமும் காலையில அவர் கடையிலதானே பசியாறுறீங்க? நானும் பார்க்கிறேனே, அவர் வாயைத் திறந்தாலே நீங்க பேச ஆரம்பிச்சிடுறீங்க."

நிரந்தர வேலை கைநழுவியது. அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாளே பசியாறும் கடையை மாற்றிவிட்டார். புதுக் கடைக்காரர் இவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று இதுவரை தெரியவில்லை. அந்த மனிதரை இவர் பேசவிட்டால்தானே!