இரண்டாவது கதவுக்குப் பாலீஷ்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. அந்த ஒரு மாதத்தில் சொந்தக்காரர்களைப் பார்ப்பாரோ இல்லையோ, வீட்டில் ஏதாவது ஒரு மரச்சாமானுக்குப் பாலீஷ் அடித்துவிடுவார். அதற்கென்றே பழைய சாமான் கடையில் ஒரு சின்ன ஏர் கம்ப்ரசர் வாங்கி வைத்திருந்தார். மொட்டை மாடியில் அது கடகடவென்று ஓட, மூக்கில் ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னோடு நிற்பார். பாலீஷில் கலக்கும் தின்னர் வாசனை கீழ் வீடு வரைக்கும் இறங்கும்.

தொண்ணூற்றெட்டில் அலமாரியை எடுத்தார். ஒரு கதவு முடிந்தது. இன்னொன்றை உப்புத்தாளால் தேய்த்து வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அடித்தால் பாலீஷ் வெள்ளை பூத்துவிடும் என்று காத்திருந்தார். மழை விடவில்லை, லீவு முடிந்துவிட்டது.

"அடுத்த வருஷம் வந்து முடிச்சுடறேன்" என்று கதவை அப்படியே மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் கம்பெனியில் லீவு தரவில்லை. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் காலையில் கிளம்பப் புடவை எடுக்கும்போதெல்லாம் அந்த வெளுத்த கதவு கண்ணில் படும். ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். கதவைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கலப்பது போலவே தின்னரைக் கலந்து, அவருடைய கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தேன்.

ஒரு கோட் முடிவதற்குள் கீழ் வீட்டுக் கன்னட அம்மா மூச்சிரைக்க மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"யஜமானரு பந்த்ரா?"

வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்கிறார். வாசனையை வைத்து அப்படி நினைத்திருக்கிறார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கைக்குட்டையை அவிழ்க்காமலே திரும்பி அடிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாவே கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வெள்ளிக்கிழமை என் கணவர் போன் செய்தபோது சொன்னேன்.

"நீயா அடிச்ச? யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்க அடிக்கறப்ப பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"வழிஞ்சிருக்குமே?"

"ஆமா. ஸ்பிரே கன்ன ரொம்பக் கிட்ட புடிச்சுட்டேன் போல."

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அடுத்த ஜனவரியில் வந்தார். வழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தேய்ச்சுட்டு மறுபடி அடிங்களேன்" என்றேன்.

"இருக்கறது முப்பது நாளு. அதுல நாலு நாள் மாடியில போய் நிக்கணுமா?"

அந்த மாதம் முழுக்க, சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு நின்றிருப்பார். முப்பதாம் நாள் விமானம் ஏறினார். அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்துத்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வரும்போது தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கும்தான்.