நிறைஞ்சிருக்கு

ஓட்டப்பிடாரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடையில், இசக்கியம்மாள் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை யாரும் வாங்கியது கிடையாது. சரக்கு தீர்ந்துவிட்டால், "துவரம்பருப்பு நிறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க" என்பாள். ஊருக்கு அர்த்தம் தெரியும். மாற்றலாகி வந்த வெளியூர் வாத்தியார் ஒருவர் மட்டும், "நிறைஞ்சிருந்தா குடுக்க வேண்டியதுதானேம்மா" என்று பையை நீட்டிக்கொண்டு நின்றார். கடையில் லட்சுமி இருக்கிறாள். அவள் காதுபட யாராவது 'இல்லை' என்பார்களா?

மார்பில் கட்டி வந்து, அதை எடுத்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகும் அந்த வாய் மாறவில்லை. விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பையோடு வந்து, "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியம் என்ன, பொட்டலம் கட்டியா விற்கிறது? அவளும் எல்லோருக்கும், "நல்லாருக்கேன்" என்றே சொல்லி அனுப்பினாள்.

உள்ளே வேறு மாதிரி இருந்தது. முடி போனதற்குக்கூட அவள் அழவில்லை. காலையில் கண் விழித்தால், 'ஐயோ, விடிஞ்சிட்டே' என்றிருந்தது. தருவைகுளத்துச் சாளை மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள், தட்டைத் தள்ளி வைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் அனுசியா போனில் பேத்தியைக் காட்டினால், எப்போது வைப்பாள் என்றிருந்தது. மருந்து அசதி என்றார்கள். அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். ஆனால் இன்றைய மருந்தோடு சரி, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆகட்டும் என்றுதான் விட்டுவிட்டாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் தாணுலிங்கம், பிளாஸ்க் கூடையை மடியில் வைத்தபடி வழக்கம்போலத் தூங்கி வழிந்தார். பிளாரன்ஸ் என்ற நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வார்டில் உடம்பைப் பார்ப்பதோடு மனசையும் விசாரிக்கிற பழக்கம் புதிதாக வந்திருந்தது.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

"வருது."

"சாப்பாடு?"

"சாப்பிடுதேன்."

"முன்ன மாதிரி எதுலயாவது ஆசை, பிடிப்பு இருக்கா?"

இசக்கியம்மாள் சொட்டுகிற மருந்தைப் பார்த்தாள். அப்புறம் பழகிய வாய் தானாகவே பேசியது.

"நிறைஞ்சிருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள் பிளாரன்ஸ்.

"சிஸ்டர், போயிராதீங்க!" தாணுலிங்கம் தூக்கம் கலைந்து நிமிர்ந்திருந்தார். "எங்க கடையில நிறைஞ்சிருக்குன்னா காலின்னு அர்த்தம்."

"என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் இசக்கியம்மாள். அவர் சும்மா இருக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏளா, எங்கிட்டயுமா யாவாரம் பண்ணுன? காலின்னு தெரிஞ்சாத்தான சரக்கு எடுக்க முடியும்?"

அவளுக்கு அவர் மேல் கோபமாக வந்தது. இத்தனை நாள் கூடவே இருந்து தூங்கிவிட்டு, இப்போதுதானா இந்த மனுஷனுக்குக் காது கேட்க வேண்டும்? கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிளாரன்ஸ் மறுபடியும் உட்கார்ந்தாள். "எல்லாமே மருந்து அசதி இல்லம்மா. மனசு இப்படிச் சோர்ந்து போறதும் சீக்குதான். அதைப் பாக்கதுக்கும் இங்கன டாக்டர் இருக்காவ, இன்னைக்கே கூட்டியாரேன். ஆனா நீங்கதான் சொல்லணும். இருக்கணும்னு ஆசை இருக்கா?"

இசக்கியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இது கடை இல்லை. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற லட்சுமி படமும் இங்கே கிடையாது. ஆனாலும் அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல" என்றாள்.

சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்த லட்சுமியும் எழுந்து வெளியே போய்விடவில்லை. பிளாரன்ஸ்தான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.