மரவள்ளிப் பாத்தி

ராமேஸ்வரத்தில் எங்கள் தெருக்கடைசியில் குப்பை மண்டிக் கிடந்த காலிமனையில், அதன் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் கூடித் தோட்டம் போட்டோம். மண்டபம் அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி ஓர் அக்காவும் வருவார். மன்னாரில் அவருக்குத் தோட்டம் இருந்ததாம். ஒரு மூலை முழுக்க மரவள்ளிக் குச்சிகளை நட்டது அவர்தான்.

செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தபோது சொந்தக்காரர் வந்தார்.

"கோயிலுக்கு வர்ற வேன் நிப்பாட்ட எடம் கேக்குறாக. நாளைக்கு ஜேசிபி வருது. வேணுங்கிறத எடுத்துக்கங்க."

கெஞ்சிப் பார்த்தோம். அவர் போனைக் காதில் வைத்தபடி போய்விட்டார்.

மற்றவர்கள் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா மரவள்ளியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேர்கள் விரல் தடிமன்கூட இல்லை.

"விடுங்கக்கா, வேற எடம் பாப்பம்" என்றேன்.

"அங்கையும் இப்படித்தான் தம்பி. கிழங்கு விழ முந்தியே ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்" என்றார். அழவில்லை. குச்சிகளை மண் உதறிக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு பலரிடம் மனை கேட்டோம். யாரும் தரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி தம்பி" என்றதோடு வைத்துவிட்டார்.