திறந்த கண்ணோடு கும்பிட்டேன்

"இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவோம்" என்று என் பயிற்சி அதிகாரி சொன்னது மார்கழி மாதத்தில். வடநாட்டுக் குளிரிலும் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. நான் அழவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

நான் ஆந்திர எல்லையில், நாகலாபுரத்துப் பக்கத்துப் பெண். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அம்மா மாந்தோப்பில் கூலி வேலைக்குப் போவாள். திருப்பதியில் காலேஜ் முடித்து, பரீட்சை எழுதி, விமானப் படையில் வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அதிகாரி பயிற்சிக்குத் தேர்வானேன். பேர்தான் நீளம். இருட்டறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே பறக்கும் போர் விமானிகளிடம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. திரையில் அவர்கள் வெறும் புள்ளிகள். எதிரே என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நடந்த தப்பை மறைக்காமல் சொல்கிறேன். நிஜ விமானங்களை வைத்து நான் செய்த முதல் பயிற்சி அது. இரண்டு விமானங்களை எதிரெதிராக வரவைத்து, குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றைத் திருப்ப வேண்டும். புள்ளிகள் நெருங்கின. என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன வயதிலிருந்து பழகியதைத்தான் செய்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வேதநாராயணா, காப்பாத்து" என்றேன். நாலு நொடி இருக்கும். திறந்து பார்த்தபோது பக்கத்திலிருந்த அதிகாரி எனக்குப் பதிலாக ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். விமானங்களை அவரே விலக்கிவிட்டார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ கண்ணை மூடியபோதும் அவர்கள் உன்னை நம்பி வந்துகொண்டிருந்தார்கள்" என்றார். பொங்கல் லீவு முடிந்ததும் இன்னொரு தேர்வு, அதுதான் கடைசி என்றும் சொன்னார்.

வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பங்கு என்றால், என்னால் ஓர் உயிர் போய்விடுமே என்ற பயம் ஒன்பது பங்கு. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. எனக்குப் பயம் வந்தால் ஓடுகிற இடம் சாமிதான். இப்போது கும்பிட்டதே குற்றமாகிவிட்டது. இனி எங்கே ஓடுவேன்?

லீவுக்கு ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்கினேன். நைனா பைக்கோடு வந்திருந்தார். புத்தூர் ரோட்டில் ஏறும்போது ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கியது. நைனா வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்த்தார்.

"பாப்பா, இதெல்லாம் நீ சொன்னாத்தான் எறங்குமா?"

"இல்ல நைனா. அது வேற ஆளுங்க."

"இருந்தா இன்னா? நம்மூர்ல அல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கினு கீறேன்."

அவர் சிரித்தார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் நாள் அம்மா என்னை வேதநாராயணப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பண்டிகைக் கூட்டம். இடிபட்டு மிதிபட்டு சந்நிதிக்கு வந்து சேர்ந்தோம். அர்ச்சகர் ஆரத்தி தூக்கியதும் வழக்கம்போல என் கண் மூடிக்கொண்டது. விலாவில் முழங்கையால் ஒரு இடி விழுந்தது.

"இன்னாடி இது! அம்மாம் நேரம் நின்னுட்டு, சாமியாண்ட வந்ததும் கண்ண மூடிக்கிற? பூன கண்ண மூடினா பூலோகமே இருண்டு பூடுமா?"

"கும்புடறேம்மா."

"பாத்துக்கினே கும்புடு. யாரு வேணான்னா?"

என் கதை எதுவும் தெரியாமல், கூட்டத்தில் கசங்கிய எரிச்சலில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்த கண்ணோடு பார்த்தேன். எங்கள் பெருமாள் மச்சாவதாரம். இடுப்புக்குக் கீழே மீன். பிறந்ததிலிருந்து வந்துபோகிற கோயிலில் அதை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். சொன்னால் அபசாரம், ஆனாலும் சொல்கிறேன். ஏரி மீன் கழுவிப் பழகிய எனக்கு, மீனுக்கு இமை கிடையாது என்று தெரியும். அங்கேயே வேண்டிக்கொண்டேன். "சாமி, பயத்தை எடு என்று கேட்கவில்லை. கண்ணை மட்டும் மூடவிடாதே."

தை மாதம் தேர்வு வந்தது. அதே அறை, அதே அதிகாரி, அதே இரண்டு புள்ளிகள். உள்ளங்கை வேர்வையில் மைக் வழுக்கியது. நெஞ்சு அடித்த அடியில் ரேடியோவே சரியாகக் கேட்கவில்லை. யாரோ விரலால் அழுத்துவதுபோல இமை கீழே இறங்கியது. வேதநாராயணா, வேதநாராயணா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு திரையையே பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூடவில்லை.

அப்போது ஓரத்தில் மூன்றாவதாக ஒரு புள்ளி தெரிந்தது. சின்னது, மெதுவாக வந்தது. உடனே மறைந்துவிட்டது. அதிகாரி அந்த நேரம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என் பிரமையா? பிரமை என்றால் நல்ல பயிற்சியைக் கெடுத்தவளாவேன், வேலை போகும். நிஜமென்றால்? நினைக்கவே முடியவில்லை. "பயிற்சியை நிறுத்துங்கள், நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரை இடப்பக்கம் திருப்பினேன், இன்னொருவரை மேலே ஏறச் சொன்னேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிசப்தத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

பிறகு ஏறிப்போன விமானியின் குரல் வந்தது. "பார்த்துவிட்டேன். ஒரு சின்ன விமானம். நான் இருந்த உயரத்தில்தான் போகிறது."

இருவரையும் தளத்துக்குத் திருப்பிவிட்டு மைக்கை வைத்தேன். அதிகாரி தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தேறினேன். தோளில் அதிகாரிப் பட்டையும் ஏறியது.

பயமே போய்விட்டது என்று சாட்சி சொன்னால் பொய்யாகிவிடும். இன்றும் திரைக்கு முன்னால் உட்காரும்போது கை வேர்க்கிறது. ஆனால் பயத்தோடு எங்கே போவது என்ற கேள்வி எனக்கு இல்லை. பெருமாள் என்னோடு அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன். உங்களையும் ஏதாவது ஒன்று பயமுறுத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து முகத்தைத் திருப்பாமல் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எனக்கு வந்தவர் உங்களுக்கும் வருவார்.

அடுத்த லீவில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடிப்பாவி, எங்கிட்ட கூட சொல்லலியே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, "அந்தச் சின்ன பிளேன்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

பயிற்சிக்குத் தனியாகப் பறந்து வழி தவறிவந்த ஒரு பெண் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் அம்மா தேங்காய், பூ எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அர்ச்சகர் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேரு தெரியாது சாமி" என்றாள் அம்மா. "ஆகாசத்துல வழி தப்பிப் போய்க்கினு இருந்த பொண்ணு. பத்தரமா ஊடு போயி சேந்துச்சு. அவ அம்மாக்குத் தெரியுமோ தெரியாதோ, அதான் நான் வந்தேன்."