சும்மா நின்ற மரியஜான்

யேசுரத்தினம் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. நம்பியிருந்தால், கடியப்பட்டணத்திலிருந்து களியக்காவிளைச் சந்தைக்குக் கருவாடு சுமந்த அந்தத் தலை இன்னும் சுமந்துகொண்டேதான் இருந்திருக்கும். பள்ளிக்கூட வாசல் தாண்டாத மனிதர், இரண்டு வள்ளமும் ஒரு கருவாட்டுக் களமும் ஒற்றையாளாக உண்டாக்கினார். எழுத்துப் படித்த எவனாவது செய்து காட்டட்டும், பார்ப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் ஊரின் கால்பந்துக் கூட்டம் சிதறிக் கிடந்தது. நன்றாக உதைத்தவர்கள் எல்லாரும் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியது கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் இளவட்டங்கள். "திருவிழாவுக்குள்ள இவனுவள ஆளாக்கி மேலக்கரைக்காரனுவள செயிக்கேன். இல்லேன்னா நான் தலைவன் இல்ல" என்று கோயில் முற்றத்தில் ஊர்த் தலைவரான யேசுரத்தினம் வாக்குக் கொடுத்தார்.

பழக்கிவிட வந்தவர் தேவகுமார் ஆசான். ஒரு காலத்தில் கொல்லத்தில் பட்டாளத்துக்காரர்களை எதிர்த்து ஆடியவராம். இப்போது அறுபது தாண்டி, ஒரு முழங்கால் மடங்காமல், உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்துவிடுவார். பழம்பேரை வைத்துப் பிழைக்க வந்த ஆளோ என்று யேசுரத்தினத்துக்கு முதல்நாளே தோன்றியது.

கரமடிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலை கரையேறும்போது கயிறு பிடிக்காமல் நிற்பவனுக்கு மீனில் பங்கு இல்லை. அதே புத்தியில் பையன்கள் மொத்தமும் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். ஆசான் இரண்டு பேரைப் பிடித்துக் கோலுக்கு முன்னால் நிறுத்தி, பந்து வந்தாலொழிய அசையக்கூடாது என்றார். அதில் ஒருவன் யேசுரத்தினத்தின் தங்கை மகன் மரியஜான். கூட்டத்திலேயே வேகமான கால் அவனுடையது.

"அவன எதுக்குவே சும்மா நிறுத்தியிருக்கீரு?"

"நிக்கதும் வேலதான்."

"எங்க கரையில நிக்கவனுக்குப் பங்கு கெடையாது."

"உங்க கரையில மீனு எதிர்த்து உதைக்காதுவே" என்றார் ஆசான்.

அந்த வாரமே மீன் விற்றுத் திரும்பிய மனைவி லீலாபாய் ஒரு சேதி கொண்டுவந்தாள். "ஒங்க ஆசான் மேலக்கரைத் தலைவருக்க வீட்டுல இருந்து கருப்பட்டிக் காப்பி குடிக்காரு."

யேசுரத்தினம் சோற்றை ஒதுக்கிவைத்து எழுந்தார். நல்ல காலைக் கட்டிப்போட்டது எதற்கென்று இப்போது விளங்கியது. தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறான் கிழவன்.

திருவிழா ஆட்டத்தில் வெகுநேரம் யாரும் கோல் போடவில்லை. எல்லாரும் வியர்த்து ஓட, மரியஜான் மட்டும் நின்றான். யேசுரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, வெக்கமில்லியாலே? ஓடுலே" என்று கத்தினார். மாமன் சொல்லைத் தட்டாத பிள்ளை ஓடினான். அவன் விட்ட இடம் வழியாகவே மேலக்கரைக்காரன் பந்தைக் கொண்டுபோய்க் கோலில் வைத்தான். ஆட்டம் அதோடு முடிந்தது.

ஆசான் துணிமூட்டையைக் கட்டினார். யேசுரத்தினம் எதிரே போய் நின்றார்.

"மேலக்கரைக்கு எதுக்குப் போனீரு?"

"அவியளும் பழக்க விளிச்சாவ. இஞ்ச முடிச்சிட்டு வாறேன்னேன். இப்ப முடிஞ்சுல்லா."

அது மெய்யோ பொய்யோ, யேசுரத்தினத்துக்குப் பிடிபடவில்லை. ஆனால் பந்து எந்த வழியாகப் போனது என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"முடியல்ல. நான் தலைமைய விட்டாச்சு, வாக்கு வாக்குதான். நீரு இரியும்."

"இருக்கேன். ஆட்டம் நடக்கும்போ நீரு அந்தப் பக்கம் வரப்பிடாது."

இதே வார்த்தையை வேறொருவன் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. யேசுரத்தினம் தலையாட்டினார்.

அடுத்த ஆட்டத்தன்று கருவாட்டுக் களத்தில் உட்கார்ந்துகொண்டு, பார்த்துவர லீலாபாயை அனுப்பினார்; அவள் திரும்பி வந்ததும் கேட்டார்.

"ஆசான் ஆருகூடயாவது பேசுகாரா?"

"ஒருத்தர்கூடயும் இல்ல. ஒறங்குகாரு."

யேசுரத்தினம் விருட்டென்று எழுந்தார். களத்து வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.