கண் தெரியாத குட்டிக்கு ஒரு தோட்டம்

எங்கள் குட்டிக்குப் பார்வை போய்விட்டது என்பது எனக்கு ஒரு நாற்காலியால்தான் தெரிந்தது. தையல் மிஷினை ஒட்டிக் கிடந்த நாற்காலியை, வெளிச்சத்துக்காக அன்று ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து வந்தவள் நேராக அதில் போய் மோதினாள். மோதிவிட்டுப் பின்வாங்கி, காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்கள் திறந்துதான் இருந்தன. அவற்றில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல்.

குட்டி என்பது பெயர் இல்லை. என் கணவர் ஒரு மழை நாளில் அவளைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தபோது குட்டியாக இருந்தாள். நல்ல பெயராக வைக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில் அதுவே நிலைத்துவிட்டது. செம்மண் நிறத்தில் சாதாரண நாட்டு நாய். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் செராமிக் பட்டறையில் சூளை வேலைக்குப் போய்விட்டால், நானும் மிஷினும் அவளும்தான் வீட்டில்.

அரசு கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். குட்டி இமைக்கவில்லை.

"பார்வை இனிமே திரும்பாதுங்க," என்றார். "ஆனா நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான் கண்ணு பெரிசு. இதுங்களுக்கு மூக்கும் காலும் இருக்குது. வூட்டுல எதையும் எடம் மாத்தாதீங்க, பழகிக்கும்."

நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டேன். ஒரு மாதத்துக்குள் குட்டி வீட்டுக்குள் எங்கும் முட்டாமல் நடக்கப் பழகிக்கொண்டாள். வெளியில்தான் கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு மேற்கே வெகுகாலம் காலி மனை கிடந்தது. காலையும் மாலையும் அங்கே இருந்த அருகம்புல்லில்தான் அவள் தன் வேலையை முடித்துவிட்டு வருவாள். பிறகு அந்த மனையில் வீடு வந்தது. பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், தனி ஆள், குடிவந்தார். அதற்கப்புறம் கயிறு கட்டித் தெருக்கோடிவரை கூட்டிப்போய் வந்தோம். பார்வை போனதும் தெருவே அவளுக்குப் பயங்கரமாகிவிட்டது. ஆட்டோ சத்தம் கேட்டால் கால்களை விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒன்றும் போகாமலே திரும்புவாள். நாள் முழுக்க அடக்குவாள்.

ஒரு மதியம் மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் ஈரம் படர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் போய் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், தலைமுடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைக்கூடத் தட்டவிடாமல் சொன்னேன்.

"பின்னாடி எடம் சும்மாதான கெடக்குது. அதுக்குன்னு ஒரு தோட்டம் போட்டுடலாங்க. அதுலயே அது போறதுக்கும் ஒரு எடம்."

அவர் பின்வாசலில் நின்று இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியாததுக்குத் தோட்டம்னா, நாம பாக்குற மாதிரி போடக் கூடாது," என்றார்.

அந்த வார்த்தை இரண்டு மூன்று நாள் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தைக்கிறவர்களுக்குத் துணி முதலில் விரலில்தான் தெரியும். காட்டனா, கலப்பா, எந்தப் பக்கம் இழை ஓடுகிறது என்பதெல்லாம் விரல் சொல்லிவிடும், கண் பிறகுதான் வரும். குட்டிக்குத் தரையை அப்படித் தரலாம் என்று தோன்றியது. பின்வாசல் படிக்குக் கீழே தேங்காய் நார் மிதியடி. அதிலிருந்து இறங்கினால் வழவழப்பான செங்கல் பாதை. பாதை முடிகிற இடத்தில் வேறொரு தரை. அதுதான் அவளுக்கான இடம்.

அந்த இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் டீச்சர் உள்ளே வந்தார். உள்ளே என்றால், மதில் சுவருக்கு மேலே அவர் தலை தெரியும், அவ்வளவுதான். நாய் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். எங்கள் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

மேற்கு மூலையில் என் கணவர் மண்வெட்டியை வைத்ததும் சுவருக்கு மேல் தலை வந்தது.

"ஏம்மா, அங்க என்னா பண்ணுறீங்க?"

சொன்னேன்.

"நேரா எங்க அடுப்படி ஜன்னலும்மா அது. காலையில தோசை ஊத்துறப்ப நாத்தம் வந்தா நான் என்னா பண்ணுறது?"

அவர் சொன்னது நியாயம்தான். கிழக்கு மூலைக்குப் போனோம்.

"அது சனி மூலையாச்சேம்மா. அங்க போயி கழிவு வெக்கலாமா? உங்க வூட்டு நல்லதுக்குத்தான் சொல்லுறேன்."

என் கணவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மூலைகளையும் பார்த்தார். "அப்ப நடுவுலதாங்க டீச்சர். முருங்கை மரத்துக்கு அடியில. அதுல ஒண்ணும் இல்லையே?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "நடுவுல ஒண்ணும் இல்ல," என்றார்.

பின்வாசலிலிருந்து முருங்கை மரம் ஒரே நேர்கோடு. கண் தெரியாத ஒருத்திக்கு வளைவில்லாத பாதைதான் நல்லது என்பது எங்களுக்கே அப்புறம்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்கு ஷிப்ட் இல்லாத பொழுதுகளிலும் வேலை நடந்தது. பட்டறையில் கழித்துப் போட்ட இன்சுலேட்டர்களைக் கேட்டு வாங்கிவந்தார். கரண்டு கம்பத்தில் இருக்குமே, பழுப்பு நிறத்தில் பளபளப்பாக, அந்தப் பீங்கான் குமிழ்கள். உடைந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மெருகில் மட்டும் கோளாறு இருந்தவற்றைப் பாதையின் இரண்டு ஓரத்திலும் பாதி புதைத்தோம். கால் விலகினால் குளிர்ந்த குமிழ் ஒன்று தட்டும், கூர் எதுவும் குத்தாது. முருங்கைக்கு அடியில் முழங்கால் ஆழம் தோண்டி, செங்கல் ஜல்லி கொட்டி, மேலே மணல் பரப்பினோம். தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்க வேண்டும் அல்லவா. கொஞ்சம் தள்ளி மூடி போட்ட ஒரு குழி, அள்ளியதைப் போட. பக்கத்தில் சாம்பலும் காய்ந்த இலையும். கீரைப் பாத்தியை அதிலிருந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

அரளியைப் பிடுங்க வேண்டியிருந்தது. இலை, பூ, பட்டை எல்லாமே நாய்க்கு விஷம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாமி படத்துக்கு வருஷக்கணக்காகப் பூக் கொடுத்த செடி. வேரோடு வந்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் செம்பருத்தி வைத்தேன். பாதையின் தொடக்கத்தில் மல்லிகை. முருங்கைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் திருநீற்றுப் பச்சிலை. உரசினாலே மணக்கும் செடி அது. மல்லிகை வாசனை வந்தால் வீடு, பச்சிலை வாசனை வந்தால் இடம் வந்துவிட்டது என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என்பது என் எண்ணம்.

எல்லாம் முடிந்த அன்று மாலை, ஒரு ரவிக்கைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். செருப்பில்லாமல். படியிலிருந்து நார் மிதியடியில் கால் வைத்தேன். சொரசொரவென்று பாதம் விழித்துக்கொண்டது. பிறகு செங்கல். பகல் வெயிலை அது இன்னும் விடாமல் வைத்திருந்தது. மல்லிகை இன்னும் பூக்கவில்லை, ஆனால் இலைக்கும் ஒரு மணம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நின்று பெருமூச்சு விட்டது. ஏதோ ஒரு பட்டறையிலிருந்து ஈரக் களிமண்ணின் வாசனை வந்தது. இந்த ஊரில் அது எப்போதும் இருக்கும், அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. சில அடிகளுக்குப் பிறகு எனக்கு வீடு எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கரைந்துபோயிற்று. நான் மிக அகலமான ஏதோ ஒரு வெளியில் மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது. பயமாக இல்லை. கெண்டைக்காலில் பச்சிலை உரச, மணம் குப்பென்று எழுந்து வந்தது. நின்றேன்.

"வந்துட்டியா?" என்று கேட்டார் அவர், எங்கோ தூரத்திலிருந்து. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

குட்டி எல்லாவற்றையும் பழகினாள், ஒன்றைத் தவிர. மிதியடி, செங்கல், குமிழ் எல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தன. பச்சிலைக்கு நடுவில் வந்து மூக்கை ஆட்டுவாள். மணலில் முன்னங்காலை வைப்பாள். உடனே எடுத்துக்கொள்வாள். டீச்சர் வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய எம் சாண்டு அது. கல்லை அரைத்த மணல், நறநறவென்றிருக்கும். அது பிடிக்கவில்லையோ என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். அவள் நனைத்த துணியை மணலின் நடுவில் வைத்துப் பார்த்தோம். திரும்பி வந்து நார் மிதியடியில் போய்விட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"போவுது வுடு. மிதியடிய தினம் கழுவிக்கலாம்," என்றார் அவர். குரலில் சோர்வு இருந்தது. தோளெல்லாம் வலிக்க வெட்டிய மண் அது.

ஐப்பசித் தூறல் விழுந்த ஒரு பிற்பகல். குட்டி பாதையைவிட்டு இறங்கி, மேற்கு மதில் ஓரமாகவே மோந்துகொண்டு போனாள். ஓரிடத்தில் நின்று சுவரின் அடியைப் பிராண்டத் தொடங்கினாள். மெல்லிய குரலில் முனகினாள். அடுப்படி ஜன்னல் திறந்தது.

"எதுக்கும்மா அது எங்க வூட்டுப் பக்கம் பாத்து அழுவுது?" என்றார் டீச்சர்.

எனக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. "நீங்க வூடு கட்டுறதுக்கு முன்ன அந்த எடத்துலதாங்க டீச்சர் அது போயிட்டு வரும். புல்லா இருக்கும். ஈரம் பட்டதும் அந்த வாசனை வருதுன்னு நெனைக்கிறேன்."

அவர் ஜன்னலை மூடவில்லை. தூறலில் குட்டி பிராண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் என் கணவர் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"சார இந்தப் பக்கம் வரச் சொல்லும்மா, மண்வெட்டியோட. சுவர் ஓரமா ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டு போடாம வுட்டிருக்கு. அந்தப் பழைய புல்லு அப்பிடியே இருக்குது. மண்ணோட பேத்து எடுத்துக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் செரமம்?"

"எனக்கு அது சும்மா புல்லுதான்," என்றார்.

என் கணவர் அந்தப் பக்கம் போய்ப் புல்லை அடைஅடையாகப் பேர்த்தார். டீச்சர் ஒவ்வொன்றையும் சாந்துச் சட்டியில் வைத்துச் சுவர்மேல் தூக்கிக் கொடுத்தார். புடவை முந்தானை எல்லாம் சேறு. நான் வாங்கி முருங்கைக்கு அடியில் மணலுக்கு மேல் அடுக்கினேன். ஒவ்வொன்றும் கனத்தது. வேரும் மண்புழுவும் பல வருஷத்து மழையும் சேர்ந்த கனம். கடைசி அடையைக் கொடுத்தபின் டீச்சர் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, "போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன்.

விடியற்காலையில் குட்டியைப் பின்வாசலில் விட்டோம். என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு படியில் உட்கார்ந்திருந்தார். மிதியடி, செங்கல், பச்சிலை. புல்லில் முன்னங்கால் பட்டதும் அவள் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மூக்கைப் புல்லுக்குள் புதைத்து வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு மூன்று தடவை சுற்றினாள், முன்பு காலி மனையில் சுற்றுவதைப்போலவே. அங்கேயே குந்தினாள்.

"போயிட்டுது," என்றார் அவர், பிரஷ்ஷை எடுத்துவிட்டு, ரகசியம்போல.

சுவருக்கு அப்பால் டீச்சர் குரல் கேட்டது. "என்னா ஆச்சு?"

"ஆயிடுச்சிங்க டீச்சர்," என்றேன். பாத்திரம் தேய்க்கும் சத்தம் திரும்பத் தொடங்கியது.

இப்போது புல் பிடித்துக்கொண்டது. காலையில் அள்ளிக் குழியில் போட்டுச் சாம்பல் தூவி மூடிவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். ஜல்லி எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது. வாடை இல்லை என்று டீச்சரே தன் வீட்டுக்கு வந்து போகிறவர்களிடம் சொல்கிறார். குட்டியைத் தொட அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சாயங்காலம் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "சாப்பிட்டியா? வெயிலு எப்பிடி இருந்தது பாத்தியா இன்னிக்கி?" என்று பேசுவார். இந்தப் பக்கம் குட்டி காதைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

போன மார்கழியில் ஒரு காலை. பனி இறங்கி முருங்கை மரத்தின் பாதியைக் காணோம். எனக்கும் அன்று எதுவும் சரியாகத் தெரியவில்லை. பாதையின் நடுவில் குட்டி நின்றிருந்தாள், போகவும் இல்லை, வரவும் இல்லை. மூக்கை உயர்த்தி எதையோ வாங்கிக்கொண்டிருந்தாள். அது எதன் வாசனை என்று எனக்குத் தெரியாது. கூப்பிடலாம் என்று வாய் திறந்தேன், பிறகு விட்டுவிட்டேன். நானும் வெறுங்காலோடு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். செங்கல் சில்லென்றிருந்தது. அவள் தன் பக்கவாட்டை என் காலில் சாய்த்துக்கொண்டாள். பனி கலையும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.