வாயுடைந்த முளைப்பாரிச் சட்டி

எங்கள் ஊரில் அம்மன் பொங்கலுக்கு எல்லோர் முளைப்பாரியும் ஒரே இருட்டறையில்தான் வளரும். போன வருடம் எடுக்கப் போனபோது, ஒரு முழம் தழைத்திருந்த என் வாயுடைந்த சட்டியைப் பக்கத்து வீட்டு அக்கா தலையில் ஏற்றியிருந்தாள். எனக்கு மிஞ்சியது வாடிப்போன அவள் சட்டி.

"ஏத்தா, தண்ணிகூட ஊத்தாம விட்டுட்டியா? எல்லாரும் கேக்குறாக" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

பயிர் வாடினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். என் மாமியார் முகம் சுண்டிப்போனது. அவள் சட்டியையே தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். அன்று கும்மிக்குப் பாட்டெடுப்பவள் நான்.

சட்டிகளை நடுவில் இறக்கிவிட்டுப் பெண்கள் சுற்றி நின்றோம். நான் பாடும் வரியை வட்டமே திருப்பிப் பாட வேண்டும். பாட்டு முடியுமுன் வட்டத்தை விட்டு விலகினால் அம்மனுக்குக் குற்றம். வழக்கமான பாட்டுகளைச் சாதுவாகப் பாடி முடித்துவிட்டு, அடுத்ததை நானே கட்டினேன்.

"வாயுடைஞ்ச சட்டியடி, வளர்த்தவ வேறயடி,
தூக்கிவந்த திருடியே, சேர்ந்து கொட்டு கும்மியடி!"

எல்லோர் கண்ணும் நடுவிலிருந்த அந்தச் சட்டிக்குப் போய், அப்படியே அவளிடம் வந்தது. அவளும் கைகொட்டித் திருப்பிப் பாடினாள். பாடாமல் எங்கே போவாள்? அவள் குரல் இறங்கும்போதெல்லாம் அதே வரியை மறுபடி எடுத்தேன்.

யாரோ அதைச் செல்போனில் பிடித்திருந்தார்கள். அவள் குரல் நன்றாகக் கேட்கும் இடத்தை வெட்டி ரிங்டோனாக வைத்திருக்கிறேன். கம்பம் டவுனுக்குப் பஸ் ஏற அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக அந்நேரத்துக்கு மிஸ்டு கால் கொடுக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.